கவர்னரில் கை வைக்காதீர்கள்: கறுப்புப் புகையை வீரமென்று நினைக்கும் தம்பிமாருக்கும் அவர்களின் வாப்பாமாருக்கும்



மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை இதை வாசிக்கும் அன்பர்களே, பதிவு கொஞ்சம் நீளம்தான். வாகனம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள். வாகனம் இல்லாதவர்களும் வாசியுங்கள். ஏனென்றால் அந்தப் புகையைக் குடிப்பது நீங்களும் உங்கள் பிள்ளைகளும்தான்.

அண்மைக்காலமாக நம் ஊர்ப் பொடியன்மாரிடம் ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. பழைய டீசல் கெப்பை வாங்குவது, பம்பைத் திறப்பது, கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றுவது, எண்ணெய் ஸ்க்ரூவைக் கூட்டிவிடுவது. பிறகு பெருநாள் இரவில் கடற்கரை வீதியில் எக்ஸலேட்டரை மிதித்து, பின்னால் வருபவர் முகம் தெரியாத அளவுக்குக் கறுப்புப் புகை விடுவது. அதை வீடியோ எடுத்துப் போடுவது. கேட்டால், "சேர், பம்ப ஓபன் பண்ணியாச்சு, இப்ப வண்டி பறக்கும்" என்கிறார்கள்.

நாங்கள் பாடசாலையில் படிப்பிப்பவர்கள். இந்தத் தம்பிமாரில் பலருக்கு விசையும் வேகமும் என்னவென்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவர்கள். ஆகவே இதைப் பேசும் உரிமையும் கடமையும் எங்களுக்கு உண்டு. சும்மா "கூடாது, ஹராம்" என்று சொல்லிவிட்டுப் போக வரவில்லை. ஏன் கூடாது என்று பம்புக்குள் இருந்தே சொல்கிறோம். பதில் இருந்தால் நீங்களும் பம்புக்குள் இருந்தே சொல்லுங்கள்.

முதலில், கவர்னர் என்றால் என்ன?

திருகோணமலையில் இருக்கிற ஆளுநரைச் சொல்லவில்லை. டீசல் பம்புக்குள் இருக்கிற கவர்னரைச் சொல்கிறோம். ஆனால் வேலை என்னவோ ஒன்றுதான்: எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள்வது.

பெற்றோல் எஞ்சினுக்குக் காற்றை அடைத்துத் திறக்கும் ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவே எஞ்சினைக் கட்டுப்படுத்தும். நம் பழைய டீசல் எஞ்சினில் அப்படியொரு கதவால் வேகம் கட்டுப்படுவதில்லை. அது எப்போதும் நிறையக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு டீசல் கொடுக்கிறோமோ அவ்வளவு சுற்றும். சுமை இல்லாத நேரத்தில் டீசலைக் கூட்டிக்கொண்டே போனால் எஞ்சின் தானாக நிற்காது, உடையும் வரை ஏறும். அதனால்தான் டீசல் எஞ்சினுக்குக் கவர்னர் இல்லாமல் முடியாது. பெற்றோல் கார் கவர்னர் இல்லாமல் ஓடும், டீசல் கெப் ஓடாது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினில் சுழலும் இரண்டு குண்டுகளை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தியது 1788இல். போஷ் கம்பனி டீசல் பம்பைத் தொகையாகச் செய்யத் தொடங்கியது 1927இல். அன்றிலிருந்து இன்று வரை தத்துவம் ஒன்றே. பம்புக்குள் சில எடைக்கட்டிகள் சுழல்கின்றன. வேகம் கூடக்கூட அவை வெளியே விரிகின்றன. விரியும்போது ஒரு நெம்புகோலைத் தள்ளி டீசலைக் குறைக்கின்றன. அவற்றுக்கு எதிராக ஒரு ஸ்பிரிங் நிற்கிறது. எடைக்கட்டி "போதும்" என்கிறது, ஸ்பிரிங் "இன்னும் கொஞ்சம்" என்கிறது. இரண்டுக்கும் இடையில் கம்பனிக்காரன் ஒரு சமநிலையை வைத்து, சீல் அடித்து அனுப்புகிறான்.

நம் தம்பிமார் செய்வது என்ன? அந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு விறைப்பான வேறொன்றைப் போடுகிறார்கள். அல்லது வேறொரு பம்பிலிருந்து கழற்றியதைப் போடுகிறார்கள். அல்லது வாஷர் வைத்து இறுக்குகிறார்கள். இப்போது எடைக்கட்டி "போதும்" என்று சொன்னாலும் ஸ்பிரிங் கேட்காது. எஞ்சின் கம்பனி வைத்த எல்லையைத் தாண்டிச் சுற்றும்.

இங்கே ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் எஞ்சினுக்குப் புதிய பலம் எதையும் கொடுப்பதில்லை. எல்லைக் கல்லைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறது, அவ்வளவுதான். வளவின் எல்லைக் கல்லைத் தள்ளி வைத்தால் காணி கூடாது, வழக்குத்தான் கூடும்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது?

யூடியூபில் இருந்து. அமெரிக்காவில் 1994 தொடக்கம் 1998 வரை டொட்ஜ் ராம் என்ற பெரிய பிக்கப் வண்டிகளில் 5.9 லீற்றர் கம்மின்ஸ் எஞ்சினோடு போஷ் பி7100 என்ற பம்ப் வந்தது. அந்த எஞ்சின் லொறிக்கும் விவசாய இயந்திரத்துக்கும் ஏற்ற, மெதுவாகச் சுற்றும் எஞ்சின். அதன் முழு வலுவும் 2500 சுற்றிலேயே வந்துவிடும். அதற்கு மேல் கவர்னர் டீசலைக் குறைக்கத் தொடங்கிவிடும். அங்கே இழுவைப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு அது போதவில்லை. அதனால் 3000க்கும் மேலே போகும்படி கவர்னர் ஸ்பிரிங் பெட்டியாகவே விற்கிறார்கள். அதை விற்பவர்களும் போடுபவர்களும் கூடவே ஒன்றைச் சொல்கிறார்கள்: சுற்றைக் கூட்டினால் வால்வு ஸ்பிரிங்கையும் விறைப்பானதாக மாற்ற வேண்டும் என்று. நம் தம்பிமார் வீடியோவில் அந்தப் பகுதி வரும்போது ஓட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

இப்போது நம் ஊரில் ஓடுவதைப் பாருங்கள். பழைய ஹைலக்ஸில் இருக்கும் 3எல் எஞ்சின் 2.8 லீற்றர். அதன் உச்ச வலு 4000 சுற்றில் வருகிறது. அதாவது அமெரிக்கக்காரன் ஸ்பிரிங் மாற்றி, காசு செலவழித்து எட்ட நினைக்கும் சுற்றை நம் சின்ன எஞ்சின் கம்பனியிலிருந்து வரும்போதே எட்டிவிட்டது. அவனுக்கு இருந்த குறை நமக்கு இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து குடிக்கிறோம்.

இன்னொன்று. சுமையை இழுப்பது முறுக்கு விசை. அது இந்த எஞ்சினில் 2400 சுற்றளவில் உச்சத்துக்கு வந்துவிட்டு, அதற்குப் பிறகு இறங்கத் தொடங்குகிறது. பதினெட்டு வளைவில் நெல் மூடையோடு ஏறும்போது உங்களுக்கு வேண்டியது அந்த இழுவைதான். 4800 சுற்றில் எஞ்சின் அலறும், சத்தம் வரும், ஏற்றத்தில் உதவாது.

வேகத்துக்குத்தான் செய்கிறோம் என்கிறீர்களா? ஊருக்குள் சட்டம் தரும் வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். வெளியே இலகு வாகனத்துக்கு 70. எழுபதில் ஐந்தாம் கியரில் போகும்போது இந்த எஞ்சின் 2000 சுற்றுக்கு அண்மித்துத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். கவர்னர் உங்களைத் தடுக்கும் இடத்துக்கு நீங்கள் சட்டப்படி போகவே தேவையில்லை. அப்படியானால் இந்த ஸ்பிரிங் எதற்கு? வீடியோவுக்கு.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்

எங்கள் தொழில் இதுதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டன் மேலே போய், நின்று, கீழே வருகிறது. ஒவ்வொரு தடவையும் அதை நிறுத்தித் திருப்புவதற்கு கனெக்டிங் ரொட் இழுக்க வேண்டும். அந்த இழுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். சாதாரண தரப் பிள்ளைக்கும் தெரியும். 4000 சுற்று 4800 ஆனால் வேகம் 1.2 மடங்கு. விசை 1.2ஐ 1.2ஆல் பெருக்க 1.44 மடங்கு. நீங்கள் சுற்றை 20 சதவீதம் கூட்டினீர்கள். ரொட்டும் அதன் போல்ட்டும் தாங்க வேண்டிய அந்த இழுவிசை 44 சதவீதம் கூடிவிட்டது. அந்த போல்ட்டோ இருபது முப்பது வருடம் பழையது.

அடுத்தது வால்வு. கேம் வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் அதை மூடும். சுற்று எல்லை மீறினால் வால்வு ஸ்பிரிங் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்துவிடும். இந்த எஞ்சினில் அமுக்க விகிதம் 22க்கு 1 அளவில். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சமிருக்கும் இடைவெளி மிகச் சிறியது. வால்வும் பிஸ்டனும் முட்டினால் வளைவது வால்வு, உடைவது பிஸ்டன், போவது ஹெட். டைமிங் பெல்ட் ரப்பர் என்பதையும் மறக்க வேண்டாம். பெல்ட் அறுந்தாலும் அதே கதைதான்.

மூன்றாவது, நேரம். 4000 சுற்றில் பிஸ்டன் மேலிருந்து கீழே வர எடுக்கும் நேரம் 7.5 மில்லி செக்கன். அதற்குள் டீசல் தெளித்து, காற்றோடு கலந்து, பற்றி, எரிந்து முடிய வேண்டும். 4800 சுற்றில் அந்த நேரம் 6.25 மில்லி செக்கன். டீசலைக் கூட்டிவிட்டு நேரத்தைக் குறைத்தால் எரியாதது என்னவாகும்? கரியாகும். கறுப்புப் புகையாக வரும். நீங்கள் பெருமையாகக் காட்டும் அந்தப் புகை, பலமாக மாறாமல் வெளியே போன உங்கள் டீசல்.

நாம் எப்படி இவ்வளவு சீக்கிரம் மறந்தோம்? 2022 ஜூன் மாதம் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 460 ரூபாய்க்குப் போனது. போனதோடு விடவில்லை, அந்த விலைக்கும் டீசல் இல்லை. இரவிரவாக வாகனத்துக்குள்ளேயே படுத்து, பவுசர் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து வாங்கினோம். 2023 செப்டெம்பர் வரை அப்படித்தான் ஓடினோம். அன்று ஒரு போத்தல் டீசலுக்காக அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிய நாம், இன்று அதே டீசலைச் சைலன்சர் வழியாக வானத்துக்கு ஊதி, கைதட்டுகிறோம். இது வீண்விரயம் இல்லையென்றால் வேறு எது வீண்விரயம்?

புகை யாருடைய நெஞ்சுக்குள் போகிறது?

நம் ஊர்களின் அமைப்பைப் பாருங்கள். கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிய ஒரு நிலத்துண்டு. அதன் நடுவே கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதி. பாடசாலை, பள்ளிவாசல், கடை, வைத்தியசாலை எல்லாம் அந்த வீதியோடும் அதிலிருந்து பிரியும் ஒழுங்கைகளோடும் ஒட்டியபடி. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு மதில்தான். இப்படி நெருக்கமான இடத்தில் விடும் புகை எங்கும் பறந்து போகாது. பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள்தான் போகும்.

கெப்பின் சைலன்சர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பெரிய மனிதனுக்கு முழங்கால் உயரம். முதலாம் ஆண்டுப் பிள்ளையின் முகத்துக்கு அது இன்னும் கிட்ட. பெரியவர்களை விடப் பிள்ளைகள் வேகமாக மூச்சு விடுவார்கள், தங்கள் உடலுக்கு மேலதிகமாகக் காற்றை இழுப்பார்கள். டீசல் கரித்தூளில் பெரும்பகுதி மூக்கு மயிரில் தங்காத அளவுக்குச் சிறியது, நேரே சுவாசப்பையின் அடிவரை போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஜூனில் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதலாம் வகுப்பில் சேர்த்தது. சிகரெட் புகையும் அதே வகுப்பில்தான் இருக்கிறது. பாடசாலை வாசலில் நின்று பிள்ளைகளின் முகத்தில் சிகரெட் புகையை ஊதும் ஒருவனை இந்த ஊர் சும்மா விடுமா? அப்படியானால் கெப்பால் ஊதுகிறவனை மட்டும் ஏன் "கெட்டிக்காரப் பொடியன்" என்கிறோம்?

நாங்கள் வகுப்பில் பார்க்கிறோம். இன்ஹேலரைப் பைக்குள் வைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். விளையாட்டுப் போட்டிப் பயிற்சிக்கு வராமல் நிழலில் உட்காரும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். ஒவ்வொரு பிள்ளையின் இருமலுக்கும் ஒரு கெப்தான் காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளைக்கு முன்னால் வேண்டுமென்றே புகை விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை என்று சொல்வோம்.

நமக்கு வரும் பதில்கள்

"எங்க வண்டி, எங்க காசு, உங்களுக்கென்ன?" வண்டி உங்களுடையது. காற்று உங்களுடையது இல்லை. வீதியும் உங்களுடையது இல்லை. தனக்கும் கேடு, பிறருக்கும் கேடு செய்யக் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படைச் சட்டங்களில் ஒன்று. மத்ரஸாவில் முதல் வருடத்திலேயே சொல்லித் தருவது.

"பெரிய பஸ், பழைய லொறியெல்லாம் புகை விடுதே, அவங்களக் கேளுங்க." கேட்போம். கட்டாயம் கேட்போம். ஆனால் பராமரிக்கக் காசில்லாமல் புகைவிடும் லொறிக்கும், காசு கொடுத்துப் புகையை வாங்கும் கெப்புக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது வறுமை. இரண்டாவது திமிர்.

"அமெரிக்காவுலயே செய்றாங்க." செய்கிறார்கள்தான். அதன் முடிவையும் கேளுங்கள். புகையைப் பிறர் மீது வேண்டுமென்றே விடுவதை நியூ ஜேர்சி மாநிலம் 2015இல் சட்டம் போட்டுத் தடுத்தது. கொலராடோ 2017இல். அந்த நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2020இல் ஒரு அறிக்கை விட்டது. பத்து வருடத்தில் 550,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் கழற்றப்பட்டோ மாற்றப்பட்டோ இருக்கின்றன என்று கணக்குச் சொன்னது. அப்படிப்பட்ட பாகங்களை விற்ற கம்பனிகள் மீது பெருந்தொகைத் தண்டம் விழுந்தது. அவர்கள் செய்து கெட்டு, கைகழுவிக்கொண்டிருக்கும் ஒன்றை நாம் இப்போது புதிதாகத் தொடங்குகிறோம்.

"புகைச் சான்றிதழ் பாஸாகித்தான் இருக்கு." இதுதான் எங்களுக்கு மிகவும் கோபம் வரும் பதில். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். டீசல் வாகனத்துக்கு அந்தப் பரிசோதனை எப்படி? சைலன்சருக்குள் ஒரு குழாயை வைத்து, எக்ஸலேட்டரை அடிமட்டும் மிதித்து, வரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று அளப்பார்கள். அதற்கு முதல் நாள் கராஜுக்குப் போய் எண்ணெய் ஸ்க்ரூவைக் குறைப்பது, சான்றிதழ் கையில் வந்த அடுத்த நாள் மறுபடி கூட்டுவது. இதை நம்மவர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார்கள். பரீட்சை மண்டபத்தில் ஒரு பிள்ளை துண்டு வைத்து எழுதினால் நாங்கள் பிடிப்போம், நீங்களும் தலைகுனிவீர்கள். வாப்பா வாகனத்தில் செய்தால் அது சமார்த்தியமா? பிள்ளை யாரைப் பார்த்துப் படிக்கிறது?

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பழைய கெப்பின் விலை எங்கே போய் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். இன்று ஒரு கெப் என்பது ஒரு குடும்பத்தின் பாதிச் சொத்து. சவூதியிலும் கட்டாரிலும் வெயிலில் நின்று உழைத்து அனுப்பிய காசில், காதில் கழுத்தில் கிடந்ததை விற்ற காசில் வாங்குகிறார்கள்.

அந்த வண்டியில் ஸ்பிரிங்கை மாற்றி, இரண்டு வருடம் அலறவிட்டு, ரொட்டும் பெயரிங்கும் களைத்துப்போன பிறகு, ஸ்பிரிங்கைப் பழையபடி போட்டு, வெளியே பொலிஷ் அடித்து, "கம்பனி கண்டிஷன்" என்று விற்றால் அதற்கு என்ன பெயர்? குறையை மறைத்து விற்பது கூடாது என்று நம் வியாபாரச் சட்டம் எவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறது என்று ஹாஜிமாருக்கு நாங்கள் படிப்பிக்கத் தேவையில்லை. வாங்கியவர் ஒரு மாதத்தில் ஹெட் கழற்றி வைத்துக்கொண்டு அழும்போது அந்த வியாபாரத்தில் பரக்கத் எங்கே இருக்கும்? காப்புறுதியையும் யோசியுங்கள். மாற்றியதை அறிவிக்காமல் விட்டால், நாளை ஒரு விபத்தில் இழப்பீடு கேட்கும்போது எத்தனை கேள்வி வரும்?

2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா வேலைத்திட்டத்தோடு பொலிசார் வீதியில் இறங்கி, வாகனங்களில் அனுமதியில்லாமல் பூட்டிய மேலதிக விளக்கு, ஹோர்ன், சத்தம் போடும் சைலன்சர், அலங்காரம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். அன்று நாடெங்கும் கோபம். அலங்காரத்தில் என்ன ஆபத்து என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. ஆனால் பம்புக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை எந்தப் பொலிஸ்காரரும் வீதியில் நிறுத்திப் பார்க்க முடியாது. ஆபத்து கூடியது அதுதான், கண்ணுக்குத் தெரியாததும் அதுதான். ஆகவே இதைப் பொலிஸ் பார்க்கும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. நாம்தான் பார்க்க வேண்டும்.

முதலாளிமாரே, உங்களையும் சொல்ல வேண்டும்

எல்லாப் பழியையும் பொடியன்மார் தலையில் போடுவது நேர்மையில்லை. பெருநாளில் விளையாட்டுக்குச் செய்பவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தொழிலுக்காகச் செய்விப்பவர்கள். மீன் கரைக்கு வருவது ஒரு நேரம், ஐஸ் போட்டுப் பெட்டி கட்டுவது ஒரு நேரம், பேலியகொட சந்தையில் விலை நிற்பது ஒரு நேரம். இடையில் நானூறு கிலோமீற்றர் அளவு வீதி. அந்த நேரத்துக்குள் வண்டி போய்ச் சேர வேண்டும் என்று முதலாளி சொல்கிறார். பிந்தினால் சாரதியின் சம்பளத்தில் கை வைக்கிறார். சாரதி கராஜுக்குப் போகிறார். "காக்கா, கொஞ்சம் கூட்டி விடுங்க" என்கிறார்.

வண்டியில் பம்பை மாற்றினீர்கள். பிரேக்கை மாற்றினீர்களா? டயரை மாற்றினீர்களா? இரவில் ஓட்டும் மனிதனுக்குத் தூக்கத்தை மாற்றிக் கொடுக்க முடியுமா? சிம்பிள் கணக்கு: வேகத்தை 60இலிருந்து 90 ஆக்கினால், வண்டியை நிறுத்தப் பிரேக் கரைக்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்கு இல்லை, இரண்டேகால் மடங்கு. சியம்பலாண்டுவ பக்கம் இரவில் மாடும் யானையும் வீதிக்கு வரும். அந்த நேரத்தில் ஸ்பிரிங் வந்து உதவாது. ஐஸை ஒரு பெட்டி கூட்டிப் போடுங்கள். ஒரு மணித்தியாலம் முந்தி ஏற்றுங்கள். இரண்டாவது சாரதி ஒருவரை அனுப்புங்கள். அது செலவு என்றால், ஜனாஸா தூக்குவதை விடக் குறைந்த செலவு.

கராஜ் பாஸ்மாருக்கு

உங்களை நாங்கள் குறைவாகச் சொல்லவில்லை. சாதாரண தரத்தில் கணக்கு ஓடாது என்று எழுதித் தள்ளப்பட்ட எத்தனையோ பிள்ளைகள், சத்தத்தை மட்டும் கேட்டு எஞ்சினில் எந்த நொசில் பிழை என்று சொல்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அது பெரிய அறிவு. அந்த அறிவுக்குத்தான் இந்தப் பதிவில் மரியாதை கேட்கிறோம்.

பம்பை அதன் அளவுப்படி சரிசெய்வதற்கு சோதனை மேசை வேண்டும். எந்தச் சுற்றில் எத்தனை மில்லிலீற்றர் டீசல் போக வேண்டும் என்ற கம்பனி அட்டவணை வேண்டும். அது இரண்டும் இல்லாமல், கண்ணாலும் காதாலும் ஸ்பிரிங்கை மாற்றுவது வைத்தியம் இல்லை. தராசு இல்லாமல் மருந்து நிறுக்கும் வேலை. வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காகச் செய்யாதீர்கள். வைத்தியரிடம் போய் "இந்த ஊசியைப் போடு" என்று கேட்டால் நல்ல வைத்தியர் போடுவாரா? "இந்த வேலை இங்க செய்யிறல்ல" என்று ஒரு பலகை எழுதித் தொங்கவிடுங்கள். நாலு வாடிக்கையாளர் போனால் நாற்பது பேர் நம்பி வருவார்கள்.

அதோடு, உங்களிடம் வேலை பழகும் பொடியன்மாரைப் படிக்க அனுப்புங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்கலாம். மொறட்டுவையில் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போனாலும் அந்தச் சான்றிதழுக்குச் சம்பளம் வேறு. எந்த ஆவணம் வேண்டும், எப்போது விண்ணப்பம் என்று விசாரித்துத் தரவும், படிவம் நிரப்பித் தரவும் நாங்கள் தயார். பாடசாலை விட்ட பிறகு எந்த நாளும் வரலாம்.

அப்படியானால் இழுவை இல்லாத வண்டிக்கு என்ன செய்வது?

நியாயமான கேள்வி. வண்டி இழுக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் பெரும்பாலும் கவர்னர் இல்லை. முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். கடற்கரை மணலும் வயல் தூசியும் அடைத்திருக்கும். டீசல் வடிகட்டியை மாற்றுங்கள், அதில் சேரும் தண்ணீரை வடித்துவிடுங்கள். நொசில்களைக் கழற்றிப் பரிசோதியுங்கள். தெளிக்க வேண்டியது சொட்டினால் புகையும் வரும், இழுவையும் போகும். வால்வு இடைவெளியைப் பாருங்கள். பம்பின் டைமிங்கைச் சரியான கருவி வைத்துப் பாருங்கள். கிளட்ச் வழுக்குகிறதா, பிரேக் பிடித்தபடி ஓடுகிறதா, டயரில் காற்றுப் போதுமா என்று பாருங்கள். கடைசியாக, எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்று உங்கள் மனச்சாட்சியைக் கேளுங்கள். இத்தனையும் செய்த பிறகும் எஞ்சின் இழுக்கவில்லை என்றால் அது களைத்துவிட்டது, திறந்து வேலை செய்ய வேண்டும். களைத்த மாட்டுக்குச் சாட்டையை மாற்றிப் பயனில்லை.

நாங்கள் கேட்பது

ஏற்கெனவே ஸ்பிரிங்கை மாற்றியவர்கள் இந்த மாதத்துக்குள் பழையபடி போடுங்கள். பம்பைச் சோதனை மேசை உள்ள இடத்தில் அளந்து சீல் அடியுங்கள். அதை மறைக்க வேண்டாம், செய்தேன் என்று போடுங்கள். முந்தின வீடியோவுக்கு வந்த லைக்கை விட இதற்குக் கூட வரும், நாங்களே போடுவோம்.

பள்ளிவாசல் நிருவாகங்கள் அடுத்த பெருநாளுக்கு முன் ஒரு ஜும்ஆவில் இதைப் பேசுங்கள். பெருநாள் இரவில் கடற்கரை வீதியில் நாலு பெரியவர்கள் நிற்க ஒழுங்கு செய்யுங்கள். கூட நிற்க நாங்கள் வருகிறோம்.

வாப்பாமாரே, வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது. நாளை ஒரு பிள்ளையை அடித்துவிட்டால் பொலிஸ் தேடி வருவது உங்களைத்தான். மகன் கெப்பைக் கராஜுக்குக் கொண்டுபோகும்போது கூடப் போங்கள். என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். விளங்காவிட்டால் எங்களைக் கூப்பிடுங்கள்.

பாடசாலை நேரத்தில், காலை ஏழிலிருந்து எட்டு வரையும் பகல் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரையும், பாடசாலை வாசலில் எக்ஸலேட்டரை மிதிக்கும் வாகனத்தின் இலக்கத்தை இனிமேல் எழுதி வைப்போம். முதல் தடவை உரிமையாளர் வீட்டுக்கு நாங்களே வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேசுவோம். இரண்டாவது தடவை எழுத்தில் முறைப்பாடு போகும். யாருடைய மகன் என்று பார்க்க மாட்டோம். எங்கள் சொந்தக்காரர் என்றாலும் இதுதான்.

வாசித்தவர்கள் கெப் வைத்திருக்கும் ஒருவருக்காவது அனுப்புங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஏசாமல் காரணத்தோடு எழுதுங்கள், பதில் தருவோம்.